முடி உதிர்வும் அரிப்பும்: ஒரே நாயில் இரண்டு கோளாறுகள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை நான். எங்கள் வீட்டில் ஐந்து வயதான வெள்ளைப் பாமரேனியன் பெண் நாய் இருக்கிறது. பெயர் ரோசி, எடை ஏறக்குறைய 7 கிலோ. கடந்த சித்திரை வெயிலில் அது இரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், உடம்பு முழுவதும் மெஷின் வைத்து முடியை ஒட்ட வெட்டிவிட்டோம். விலாவின் இரு பக்கங்களிலும் இன்றுவரை முடி சரியாக வளரவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு வாலின் அடியிலும் பின்தொடையிலும் முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது; இரவெல்லாம் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறது. சில நேரம் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. இரண்டு முறை ஊசி போட்டோம். போட்டால் மூன்று வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது. மெடிக்கலில் கொடுத்த படர்தாமரைக் களிம்பு, வேப்பெண்ணெய், டெட்டால் கலந்த குளியல் எல்லாம் பார்த்தாயிற்று. தயிர்ச்சோறும் பாலும் பிஸ்கட்டும்தான் உணவு, எப்போதாவது கோழிக்கறி. உப்பும் உடம்புச் சூடும்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். புறவாசலில் நான்கு ஆடுகள் நிற்கின்றன. மச்சில் ஒரு பூனை படுத்துக்கொள்ளும். ரோசியின் மேல் உண்ணியோ தெள்ளோ என் கண்ணில் பட்டதில்லை. இரண்டு வாரமாகப் பேரனின் கணுக்காலில் சிவந்த தடிப்புகள் இருக்கின்றன. ரோசிக்கு என்ன நோய்? பேரனுக்கு ஒட்டுமா?

பதில்: அம்மா, நாயின் தோல் நோயைப் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "முடி கொட்டுகிறது, என்ன மருந்து?" என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். நீங்கள் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எதற்குப் பிறகு என்று எழுதியிருப்பதால், நாயை நேரில் பார்க்காமலேயே ஓரளவு தெளிவாகப் பேச முடிகிறது. ரோசிக்கு இருப்பது ஒரு கோளாறன்று, இரண்டு என்பதே என் கணிப்பு. விலாவில் முடி வளராதது ஒன்று. வாலடியில் அரித்து முடி போவது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் எந்த மருந்தும் நிலைத்த பலன் தராததுபோல் தோன்றுகிறது.

முடி உதிர்ந்த நாயை எங்களிடம் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் கேட்பது, முடி தானாக உதிர்ந்ததா, நாய் கடித்தும் நக்கியும் சொறிந்தும் பிய்த்துக்கொண்டதா என்பதைத்தான். தானாக உதிர்ந்தால் முடிக்காலிலோ உடலின் சுரப்பிகளிலோ குறை தேடுவோம். நாயே பிய்த்துக்கொண்டால் அரிப்பின் காரணத்தைத் தேடுவோம். விலாப் பகுதியை ரோசி தொடுவதில்லை என்றும், வாலடியை இரவெல்லாம் கடிக்கிறது என்றும் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அவசரமாகக் கவனிக்க வேண்டியது வாலடிதான்.

முதுகின் கடைசி மூன்றில் ஒரு பங்கு, வாலின் அடி, பின்தொடையின் பின்பக்கம் ஆகிய இந்த மூன்று இடங்களிலும் அரிப்பு குவிந்திருந்தால், மற்றவற்றை யோசிப்பதற்கு முன் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையைத்தான் நினைக்க வேண்டும். தெள்ளு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் இறங்குகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்கள் சில நாய்களின் உடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை இல்லாத நாய் தெள்ளுக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு எப்போதாவது சொறிந்துவிட்டுப் போகும்; ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரண்டு கடியே போதும், பல நாட்களுக்கு அரிப்பு நிற்காது.

"தெள்ளு என் கண்ணில் பட்டதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் தெள்ளு இல்லை என்று ஆகிவிடாது. அரிப்பு மிகுந்த நாய் ஓயாமல் கடித்தும் நக்கியும் தெள்ளை விழுங்கிவிடுவதால், ஒவ்வாமை உள்ள நாயின் மேல்தான் தெள்ளு அகப்படுவது அரிது. அதன் எச்சத்தைத் தேடுங்கள். ஈர் எடுக்கும் சீப்பால் வாலடி முடியை அடித்தோலோடு ஒட்டி வாரி, சீப்பில் வரும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் துணியிலோ பஞ்சிலோ தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். மண்ணும் தூசியும் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமானால் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது நாயிடமிருந்து உறிஞ்சிய இரத்தத்தின் மிச்சம். ஆட்டின் மேலும் பூனையின் மேலும் இதையே செய்து பாருங்கள். ரோசியிடம் கிடைக்காத சாட்சி பூனையிடம் கிடைக்கலாம். உலகெங்கும் நாய்களின் மேல் மிகுதியாகக் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற இனம்தான். அது ஆட்டையும் விடுவதில்லை. ஆட்டுக் கொட்டிலில் தெள்ளு பெருகி, மாலையில் உள்ளே போகிறவர்களின் கால்களில் ஏறுவது நம் பக்கத்துக் கிராமங்களில் யாரும் அறியாத செய்தியன்று.

ஐப்பசிக்குப் பிறகு தொடங்கியதற்கும் காரணம் உண்டு. தாய்த் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும்; அவை முடியில் ஒட்டி நிற்காமல், நாய் படுக்கும் சாக்கிலும் தார்சாவின் மூலையிலும் கொட்டிலின் மண்ணிலும் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்கில் ஒளியும். காற்றில் ஈரம் குறைந்தால் செத்துப்போகும். சித்திரையிலும் வைகாசியிலும் நெல்லைச் சீமையின் வறண்ட வெயில் வெட்டவெளியில் நமக்காகச் செய்கிற வேலையை, வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிறுத்திக்கொள்கிறது. புழு கூட்டுப்புழுவான பிறகு எந்த மருந்தும் அதை எளிதில் தொடுவதில்லை. அந்தக் கூட்டுக்குள் அது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருந்து, மனிதரோ விலங்கோ அருகில் நடமாடும் அதிர்வையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்து வெளியே குதிக்கும். நாயின் மேல் இருக்கும் தெள்ளு மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். ரோசியை மட்டும் குளிப்பாட்டிப் பவுடர் போடுவது ஏன் உதவாது என்பது இப்போது விளங்கும்.

பேரனின் கணுக்கால் தடிப்பும் இதோடு பொருந்துகிறது. தெள்ளு தரையிலிருந்து குதிப்பதால் மனிதரைப் பெரும்பாலும் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் கடிக்கும். ஒவ்வாமை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை. தெள்ளு ஒழிந்தால் தடிப்பும் ஓய்ந்துவிடும். அது வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, நடுவில் தெளிந்து பரவினாலோ, நாயைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கைகளிலும் வயிற்றிலும் சிறு கொப்புளங்களாக அரித்தாலோ கதை வேறு. அப்போது பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரோசி பின்புறத்தைத் தரையில் தேய்ப்பதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். தெள்ளை விழுங்கும் நாய்க்கு ஒருவகை நாடாப்புழு வரும். அதன் துண்டுகள் வெள்ளரி விதை போல், காய்ந்தால் அரிசி போல், ஆசனவாயைச் சுற்றியும் படுக்கையிலும் ஒட்டியிருக்கும். குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினால் அதற்கும் இது வரலாம் என்பதால், வழக்கமான குடற்புழு மருந்தோடு நிறுத்தாமல் நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்தைக் கேட்டு வாங்குங்கள். துண்டு எதுவும் காணாவிட்டால் ஆசனவாய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, ஃபுளூராலனர், அஃபோக்சோலனர் வகை மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. முன்னதன் பலன் தெள்ளுக்கு ஏறக்குறைய 12 வாரமும், பின்னதன் பலன் ஒரு மாதமும் நிற்கும். எடைக்கு ஏற்ற அளவில்தான் கொடுக்க வேண்டும் என்பதால், ரோசியை உத்தேசமாக அன்றி, தராசில் நிறுத்துக்கொண்டு போங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்த பிறகும் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை கூட்டிலிருந்து புதுத் தெள்ளு வந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று கைவிடுகிறவர்களே அதிகம். இடைவெளி விடாமல் மூன்று மாதமாவது தொடர வேண்டும். சாக்கையும் துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். பட்டாசல், தார்சா, மச்சு ஆகியவற்றின் மூலைகளைத் தினமும் கூட்டி, அந்தக் குப்பையை வீட்டருகே கொட்டாமல் எரித்துவிடுங்கள்.

பூனைக்கும் அதே நாளில் மருந்து தேவை. ஆனால் நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். ஆடுகளுக்கும் கொட்டிலுக்கும் எந்த மருந்து, தெளித்த பிறகு எத்தனை நாள் பாலையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்பதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலக்கும் டெல்டாமெத்ரினைக் கண்ணளவாகக் கலந்து, புண்ணாகிக் கிடக்கும் ஏழு கிலோ நாயின் மேல் ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. நாய் அதை நக்கி, வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி வரும்போது சொறியை மறந்துவிட்டு உயிரைக் காப்பாற்ற வேண்டியதாகிவிடும். கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் அப்படியே.

இவ்வளவு சொன்னாலும், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் மற்றவற்றைத் தள்ளிவிட முடியாது. சொறிப்பூச்சி இரண்டு வகை. ஒன்று காது மடலின் விளிம்பு, முழங்கை, பின்கால் மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் தொடங்கும். அரிப்பு பொறுக்க முடியாததாக இருக்கும். மற்ற நாய்களுக்கும் சில நேரம் மனிதருக்கும் ஒட்டும். காதின் விளிம்பை இரு விரலால் மெல்லத் தேய்த்தால், பின்காலைத் தூக்கிச் சொறிவது போல் நாய் தானாக அசைப்பது இதற்கு ஒரு நல்ல அடையாளம். இந்தப் பூச்சி மிகச் சில எண்ணிக்கையிலேயே இருப்பதால் சுரண்டிப் பார்த்தும் அகப்படாமல் போவதுண்டு. ஐயம் வலுவாக இருந்தால் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் மருந்து கொடுத்துவிடுவோம். மற்றொன்று டெமோடெக்ஸ். பால்குடிக்கும் காலத்தில் தாயிடமிருந்து வந்து முடிக்காலுக்குள் வாழும் இது, பெரும்பாலான நாய்களில் எந்தத் தொந்தரவும் செய்யாமலேயே இருக்கும். உடலின் எதிர்ப்பு குறையும்போது மட்டும் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்காலிலும் முடி கொட்டும். தொடக்கத்தில் அரிப்பு குறைவு, யாருக்கும் ஒட்டாது. மேலே சொன்ன மாத்திரைகளை இவ்விரண்டு பூச்சிகளுக்கும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு வசதி.

படர்தாமரையை நீங்களாகவே ஐயப்பட்டுக் களிம்பு போட்டிருக்கிறீர்கள். பூஞ்சையால் வரும் முடி உதிர்வில், முடி ஒட்ட வெட்டியது போல் முறிந்த வட்டங்களும் சாம்பல் போன்ற செதிலும் இருக்கும். அரிப்பு அவ்வளவாக இராது. ரோசியின் நிலை அப்படித் தெரியவில்லை. என் கவலை களிம்பைப் பற்றியது. மெடிக்கலில் படர்தாமரைக்கென்று எடுத்துக் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அது அரிப்பை அடக்கி, பூஞ்சையை வளரவிட்டு, தோலை மெலியச் செய்யும். நாய் அதை நக்கி உள்ளேயும் எடுத்துக்கொள்ளும். உடனே நிறுத்திவிடுங்கள்.

ஊசியும் ஸ்டீராய்டாகவே இருந்திருக்க வேண்டும்; மூன்று வாரம் பலன் தந்து நின்றதும், தண்ணீர்த் தாகமும் அதற்கே பொருந்துகின்றன. ஸ்டீராய்டைத் தீண்டத்தகாத மருந்தாக நான் நினைக்கவில்லை; புண்ணாகக் கடிக்கும் நாய்க்குச் சில நாள் நிம்மதி தருவது மருத்துவரின் கடமைதான். அதற்குக் குறைந்த அளவில், சில நாள் மாத்திரையே போதும். வேண்டாம் என்று தோன்றினால் அளவைக் குறைத்து நிறுத்த முடியும். உடலில் தங்கி வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசியைப் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. தெள்ளு அங்கேயே இருக்க, அரிப்பை மட்டும் மூடி வைப்பதால் மாதம் ஒரு ஊசி என்று பழகிப்போகும்; டெமோடெக்ஸோ பூஞ்சையோ உள்ளே இருந்தால் அது கொழுக்கும். இன்னொரு முறை போடச் சொன்னால், தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போடலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒருவேளை தினசரி மாத்திரையும் கொடுத்துவந்தால் அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கடித்த இடத்தில் நிணநீர் கசிந்து, வட்டமாகச் செதில் உரிந்து, கெட்ட வாடை வந்தால், பாக்டீரியாவோ மலசீசியா என்னும் ஈஸ்ட்டோ ஏறிக்கொண்டது என்று பொருள். இவை பெரும்பாலும் பின்னால் வருகிறவை. அரிப்பைக் கூட்டினாலும் மூல காரணம் வேறாக இருக்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பூவை வாரம் இருமுறை போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். ஊறவிடாமல் உடனே கழுவினால் பயனில்லை. டெட்டாலும் நாம் குளிக்கும் சோப்பும் வேண்டாம். நாயின் தோல் நம் தோலைப்போல் அமிலத்தன்மை கொண்டதன்று, அவை அதை வறட்டி எரிச்சலூட்டும். வேப்பெண்ணெய் பூசினால் அதை நக்கி வாந்தி எடுப்பதும் நடக்கும். குளித்த பின் அடிமுடி வரை உலர வேண்டும். பாமரேனியனின் மேல்முடி காய்ந்து உள்முடி ஈரமாகவே நின்றால் மறுநாளே புண் கிளம்பும்.

உணவைப் பற்றி இரண்டு செய்திகள். உப்பினால் முடி கொட்டுகிறது என்பதற்கும் உடம்புச் சூட்டினால் அரிக்கிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஊறுகாயையும் சிப்ஸையும் கொடுக்கக் கூடாது என்பது வேறு காரணங்களுக்காக. அதே நேரத்தில் தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் மட்டும் ஒரு நாய்க்குப் போதாது. முடியின் பெரும்பகுதி புரதம்; புதிய முடி வளர வேண்டிய நேரத்தில் தினம் ஒரு அவித்த முட்டையாவது சேருங்கள், பிஸ்கட்டைக் குறையுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாம்பார்ச் சோறு, குழம்புச் சோறு எதுவும் கூடாது. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உணவு ஒவ்வாமை இருக்க முடியாதா என்றால், இருக்க முடியும். பாலும் கோழியும் கோதுமையும் அதற்குப் பெயர் பெற்றவை. ஆனால் அது வாலடியைத் தேடிப் போவதில்லை. முகம், காது, அக்குள், கால்பாதம் ஆகிய இடங்களில் வருடம் முழுவதும் அரிக்கும். தூசி, மகரந்தம், வீட்டுத்தூசிப் பூச்சி ஆகியவற்றால் வரும் ஒவ்வாமையும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் காட்டும். அது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். பக், ஷிட்சு, லாசா அப்சோ வளர்ப்பவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். தெள்ளை முழுமையாக ஒழித்து எட்டு வாரம் ஆன பிறகும் ரோசி அரித்துக்கொண்டே இருந்தால், அப்போது உணவைச் சோதிப்போம். இதுவரை அது ருசி பார்த்திராத ஒரு இறைச்சியையும் சீனிக்கிழங்கு போன்ற ஒரு கிழங்கையும் உப்பு, மசாலா இன்றி வேகவைத்து, எட்டு வாரம் அதை மட்டுமே கொடுக்க வேண்டும். பேரன் நீட்டும் ஒரு பிஸ்கட்டு போதும், சோதனை கெட்டுவிடும். அரிப்பு குறைந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வரலாம்.

இனி விலாவில் வளராத முடி. பாமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற இரட்டை முடி கொண்ட இனங்களை ஒட்ட வெட்டினால், முடிக்கால்கள் நீண்ட ஓய்வுக்குள் போய்விடும். மீண்டும் வளர ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த இடத்தில் அரிப்போ புண்ணோ இராது. அந்த அடர்ந்த முடி குளிருக்கு மட்டும் போர்வையன்று. வெயிலின் வெப்பம் தோலை எட்டாமல் தடுப்பதும் அதுவே. வெள்ளை நாயின் இளஞ்சிவப்புத் தோல் அக்கினி நட்சத்திர வெயிலில் வெந்தும் போகும். வரும் கோடைக்கு உள்முடியைச் சீப்பால் வாரி எடுங்கள், வயிற்றுப்புற முடியையும் கால் முடியையும் மட்டும் திருத்துங்கள், பகலில் நிழலும் குளிர்ந்த தரையும் தண்ணீரும் கொடுங்கள், மெஷின் வேண்டாம்.

பொறுத்திருந்தும் வளராமல், தோல் கறுத்து, கழுத்திலும் தொடையின் பின்புறத்திலும் முடி கொட்டி, தலையிலும் கால்களிலும் மட்டும் நின்றால், பாமரேனியனில் மிகுதியாகக் காணப்படும் 'அலோபீசியா எக்ஸ்' என்ற நிலையை நினைக்க வேண்டியிருக்கும். அதனால் அழகு குறையும், ஆயுள் குறையாது. நாய் சோம்பி, உண்பது கூடாமலேயே எடை கூடி, இரு பக்கமும் ஒரே அளவில் முடி உதிர்ந்தால் தைராய்டு சுரப்புக் குறைவு. தாகமும் சிறுநீரும் பசியும் மிகுந்து வயிறு தொங்கினால், உடலே ஸ்டீராய்டை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய். இந்தப் பரிசோதனைகளை இப்போதே செய்துவிட வேண்டாம் என்று சொல்வேன். போட்ட ஸ்டீராய்டு தைராய்டு அளவைக் குறைத்துக் காட்டும், தாகமும் அதனால்தான் என்றால் தானே அடங்கும். ஊசி போட்டு ஓரிரு மாதம் கடந்த பிறகும் தாகம் தணியாவிட்டால் அப்போது இரத்தம் எடுத்துப் பார்ப்பதே பொருளுள்ளது.

தோல் சுரண்டல், முடிப் பரிசோதனை, ஒட்டு நாடாவால் எடுக்கும் மாதிரி ஆகியவை சிறிய சோதனைகள்தான். உங்கள் பகுதி மருந்தகத்தில் நுண்ணோக்கி வசதி இல்லையென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். போகும் முன் ஒரு வாரம் எண்ணெய், களிம்பு எதுவும் பூசாதீர்கள், முந்தைய நாள் குளிப்பாட்டாதீர்கள். போட்ட ஊசியின் பெயரும் தேதியும் உள்ள சீட்டையும் களிம்பின் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இடையில் ரோசி சாப்பிடாமல் காய்ச்சலோடு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, அது உண்ணியால் வரும் காய்ச்சலாக இருக்கக்கூடும். அந்த நிலையில் தோலைப் பற்றிய எதற்கும் காத்திராமல் அன்றே காட்டிவிடுங்கள்.